பெரியப்பா கிளம்பிட்டார்!

"அமெரிக்காவுல கார் வெச்சிருக்கியாமே!" என்று ஊரிலிருந்து போனில் கேட்பவர்களிடம், "ஆமாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வது என் வழக்கம். மேற்கொண்டு குடைந்தால் பேச்சை மழை, வெயில் என்று திருப்பிவிடுவேன். காரணம், நான் கார் வைத்திருக்கிறேன் என்பது பாதி நாள்தான் உண்மை. மீதி நாள் அதை மெக்கானிக் வைத்திருக்கிறார்.

1997-ம் வருஷ மாடல். சுத்த அமெரிக்கப் பிறவி. நாங்கள் இருக்கும் மிச்சிகன் மாநிலத்திலேயே செய்தது. கம்பெனி பெயர் வேண்டாமே! கால் நூற்றாண்டு குப்பை கொட்டிய பிறகு ஒருவருக்கு மூட்டு வலி வந்தால், அதற்காகப் பெற்றவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

நீளம் 5.1 மீட்டர். நம்ம ஊர் மாருதி 800-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அது 3.3 மீட்டர். அதாவது ஒரு மாருதியை நிறுத்தி, அதன் பின்னால் இன்னொரு மாருதியில் பாதியை வெட்டி ஒட்டினால் எங்கள் கார். முன்சீட்டு சோபா மாதிரி ஒரே நீளம். கியர் தண்டு ஸ்டியரிங் பக்கத்தில். முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர், டிக்கியில் ஒரு கல்யாண வீட்டுச் சமையல் சாமான்... எல்லாம் போகும். கார் போகுமா என்பதுதான் கேள்வி.

பெரியப்பா என்று பெயர் வைத்தது என் மனைவி. "பெரிய உடம்பு, மெதுவா எழுந்திருக்கும், போற இடத்துல திடீர்னு உட்கார்ந்துடும், நாலு பேர் முன்னால ஒண்ணும் சொல்லவும் முடியாது. வேற என்ன பேர் வைக்கிறது?" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "கார் ஸ்டார்ட் ஆயிடுச்சா?" என்ற கேள்வியே கிடையாது. "பெரியப்பா கிளம்பிட்டாரா?"தான்.

'பஸ்ஸில் போகலாமே' என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் இருப்பது டெட்ராய்ட் நகரத்தின் புறநகர்ப் பகுதி. நகரும் பெல்ட்டில் வைத்து கார் செய்யும் முறையை ஃபோர்டு 1913-ல் கொண்டுவந்தது இங்கே ஹைலண்ட் பார்க்கில்தான். 1909-லேயே வுட்வர்ட் அவென்யூவில் ஒரு மைல் நீளத்துக்குக் கான்கிரீட் ரோடு போட்டுவிட்டார்கள். ஊரே காருக்காக வளர்ந்த ஊர். பால் வாங்கக் கடைக்குப் போக மூன்று மைல். நடந்து போனால் பால் தயிராகிவிடாது; ஜனவரியில் ஐஸ்க்ரீம் ஆகிவிடும்!

2021 ஆகஸ்ட்டில் கார் தேடினேன். அது சிப் தட்டுப்பாட்டு வருஷம். புதுக் கார் வரத்து குறைந்ததால் பழைய கார் விலை எகிறிக் கிடந்தது. பெரியப்பாவின் விலை 1,800 டாலர். அந்தப் பணத்துக்கு மற்ற இடங்களில் கதவைத் திறந்து பார்க்கக்கூட விட மாட்டேன் என்றார்கள். நான் பி.காம். படித்தவன். மாதத் தவணை இல்லை, வட்டி இல்லை, தேய்மானம் எழுத மிச்சம் எதுவும் இல்லை. இதைவிட நல்ல முதலீடு உண்டா? ஒரு நோட்டுப் போட்டு முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் போட்டுவிட்டேன்.

பெரியப்பாவின் தினப்படி பூஜை முறைகளைக் கொஞ்சம் கேளுங்கள்.

சாவியிலேயே ஒரு சின்ன கறுப்புச் சில்லு பதித்திருக்கும். திருட்டைத் தடுக்க அந்தக் காலத்து ஏற்பாடு. சாவியைத் திருகியதும் கார் அந்தச் சில்லின் மின் தடையை அளந்து, "இவன் நம்ம ஆள்தான்" என்று முடிவு செய்த பிறகே எஞ்சினை விடும். சில்லில் அழுக்கு சேர்ந்துவிட்டால் அளவு மாறிவிடும். உடனே நான் திருடன்! சில நிமிஷம் கை கட்டி உட்கார்ந்துவிட்டு, சாவியைச் சட்டை நுனியால் துடைத்து, மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். எதிர் வீட்டுக்காரர் பார்க்கும்போதெல்லாம் நான் சாவியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். ஏதோ இந்தியச் சடங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நம்ம ஊரில் ஸ்கூட்டர் மக்கர் பண்ணினால் ஒரு பக்கமாகச் சாய்த்து, ரெண்டு உதை கொடுத்தால் கிளம்பிவிடும். ஒன்றரை டன் பெரியப்பாவை எந்தப் பக்கம் சாய்ப்பது?

கூரையில் ஒட்டியிருந்த துணி, பசை விட்டுத் தொங்கி, ஓட்டுகிறவர் தலையில் முக்காடு போடும். குண்டூசி குத்தி நிறுத்தியிருக்கிறேன். கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பிளாஸ்டிக் துண்டு ஒரு டிசம்பரில் உடைந்து, கண்ணாடி 'டொப்'பென்று கதவுக்குள் போய்விட்டது. அகலமான டேப் போட்டு மூடிக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். வங்கியின் டிரைவ்-த்ரூ ஜன்னலில் பணம் கட்டக் கதவையே திறந்து இறங்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்த அம்மாள் ஒரு கணம் அலாரம் பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

துரு வேறு. பனிக்காலத்தில் ரோட்டில் ஐஸ் பிடிக்காமல் இருக்க உப்புத் தூவுகிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே சுமார் 350 மீட்டர் ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது தெரியுமோ? காரைச் செய்வதும் இந்த ஊர், அரிப்பதும் இந்த ஊர்! மிச்சிகனில் சொந்தக் கார்களுக்கு நம்ம ஊர் மாதிரி எஃப்.சி. என்று அவ்வப்போது பரிசோதனை கிடையாது. இருந்திருந்தால் பெரியப்பா எப்போதோ வி.ஆர்.எஸ். வாங்கியிருப்பார்.

'அமெரிக்கர்கள் வருஷா வருஷம் கார் மாற்றுவார்கள்' என்று நானும் ஊரில் இருந்தபோது நம்பியவன்தான். இங்கே வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. 2024 கணக்குப்படி இந்த நாட்டில் ஓடுகிற கார்களின் சராசரி வயது 12.6 வருஷம். புதுக் காருக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை சராசரியாக 700 டாலரைத் தாண்டிவிட்டது. பெரியப்பாக்களோடு காலம் தள்ளுகிறவர்கள் ஏராளம்.

அவர்களையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் பழைய கார் காயலான் கடைக்குப் போக வேண்டும். இங்கே அது ஏக்கர் கணக்கில் மைதானம். வாசலில் ஓரிரண்டு டாலர் நுழைவுக் கட்டணம். கையில் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவரோடு போய், உங்கள் காரின் கூடப்பிறந்தவர்களைத் தேடிப் பிடித்து, வேண்டியதை நீங்களே கழற்றிக்கொண்டு காசு கட்டிவிட்டு வரலாம். கண்ணாடி ஏற்றும் மோட்டாரை அப்படித்தான் 25 டாலருக்குக் கொண்டுவந்தேன். பக்கத்துக் காரில் கழற்றிக்கொண்டிருந்தவர் எனக்கு டார்ச் பிடித்தார். நான் அவருக்கு ஜாக்கி பிடித்தேன். எங்கள் முகங்களில் ஒரே குடும்பச் சாயல் இருந்தது. கவலைச் சாயல்!

2009-ல் இந்த அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெட்ரோல் குடிக்கும் பழைய காரைக் கொடுத்துவிட்டுச் சிக்கனமான புதுக் கார் வாங்கினால் 3,500 அல்லது 4,500 டாலர் தள்ளுபடி. கொடுத்த காரின் எஞ்சினில் எண்ணெய்க்குப் பதில் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓட விடுவார்கள். சில நிமிஷத்தில் எஞ்சின் உள்ளே கண்ணாடி மாதிரி இறுகிச் செத்துப்போகும். அப்படி ஏறக்குறைய ஏழு லட்சம் கார்கள் போய்ச் சேர்ந்தன. பெரியப்பாவுக்கு அப்போது 12 வயசு. எப்படியோ தப்பித்துவிட்டார்... என்னிடம் வந்து சேர!

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளித்தவை. சிரிக்க முடியாத வியாதி ஒன்று 2022 கடைசியில் ஆரம்பித்தது.

நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று எஞ்சின் நின்றுவிடும். இருமல், தும்மல் எதுவும் கிடையாது. ஸ்விட்சை அணைத்த மாதிரி. ஓரங்கட்டி எத்தனை முறை திருகினாலும் சுற்றுமே தவிரப் பிடிக்காது. பிறகு எப்போதோ, எதுவுமே நடக்காதது போலக் கிளம்பும். இழுவை வண்டி வைத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் வாசலிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். டாக்டர் வீட்டு வாசலில் குழந்தைக்கு ஜுரம் இறங்கிவிடுமே, அப்படி.

முதல் ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள், 480 டாலர். இரண்டாவதில் பேட்டரி, 160. மூன்றாவதில் காயில், 210. நாலாவதில் எதையும் மாற்றவில்லை. "வித்துடுங்க" என்று சொல்வதற்கு 90 டாலர் வாங்கிக்கொண்டார்கள். ஆக 940 டாலர் செலவில் வியாதி அப்படியே இருந்தது.

என் மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் மாலை ஷிஃப்ட். இரவு பதினொன்றரைக்கு முடியும். ஒரே கார் என்பதால் நான்தான் போய்க் கூட்டி வர வேண்டும். வீட்டில் வேறு ஆள் கிடையாது. ஆறு வயசு மகளையும் தூக்கத்தில் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு போவேன். அவளுக்கு அது பழகிவிட்டது.

2024 ஜனவரி நடுவில் ஒரு ராத்திரி. வெளியே மைனஸ் 15 டிகிரி. ஐ-75 நெடுஞ்சாலையில் பெரியப்பா உட்கார்ந்துவிட்டார்.

ஓரத்தில் நிறுத்தி, நான்கு விளக்கையும் மினுக்க விட்டேன். எஞ்சின் நின்றால் ஹீட்டரும் நின்றுவிடும். பத்து நிமிஷத்தில் காருக்குள் எங்கள் மூச்சு புகையாகத் தெரிந்தது. பக்கத்தில் லாரிகள் போகும்போதெல்லாம் ஒன்றரை டன் வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. இறங்கி உதவி தேடலாமா என்று கதவில் கை வைத்தேன். அடுத்த லாரி போன காற்றில் கையை எடுத்துவிட்டேன். என் கோட்டைக் கழற்றி மகள் மேல் போர்த்தினேன். அவள் விழித்துக்கொண்டாள்.

"அப்பா, பெரியப்பா தூங்கிட்டாரா?"

"ஆமாண்டா. இப்ப எழுந்துடுவார்."

"எனக்குக் கால் எங்கே இருக்குன்னே தெரியலைப்பா."

செல்போனில் உதவிக்குக் கூப்பிட்டேன். அவசரத்தில் மகளுக்குப் பூட்ஸ் போடாமல் சாக்ஸோடு தூக்கி வந்திருந்தேன். அந்தச் சின்னப் பாதங்களை என் சட்டைக்குள் வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஐஸ் இன்னும் வயிற்றில் இருக்கிறது.

நெடுஞ்சாலை ரோந்து வண்டிக்காரர் வந்து, எங்களை அவருடைய வண்டியின் சூட்டில் உட்கார வைத்தார். "காரை விட்டு இறங்காம இருந்தீங்களே, அதுதான் சரி. ஆனா கம்பளி இல்லாம இந்த மாசத்துல வெளியே வராதீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் பெரியப்பா ஒரே திருகலில் கிளம்பினார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது மணி பன்னிரண்டரை. மனைவி எதுவும் கேட்கவில்லை. பின்சீட்டுக்குப் போய் மகளின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் நான் செய்த முட்டாள்தனத்தை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. கணக்கு நோட்டை எடுத்துவந்து அவள் முன்னால் விரித்தேன்.

"இதோ பார், வாங்கின விலை 1,800. ரிப்பேர் 2,600. மொத்தம் 4,400. இருபத்தொன்பது மாசம் ஓட்டியிருக்கோம். மாசம் 152 டாலர்தான் ஆகுது. புதுக் கார்னா மாசம் 700. எவ்வளவு மிச்சம் பிடிச்சிருக்கோம் பாரு!"

அவள் நோட்டை மேலிருந்து கீழே பொறுமையாகப் பார்த்தாள். "எல்லாம் சரியா இருக்குங்க. இதுல என் தலைப்பு எங்கே?" என்றாள்.

"உன் தலைப்பா?"

கைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். தேதி வாரியாக எழுதியிருந்தாள். எந்த நாள், வண்டி எங்கே நின்றது, தான் ஆஸ்பத்திரி வாசலில் எத்தனை நிமிஷம் நின்றோம் என்று. பதினோரு தடவை. 40 நிமிஷம், 35 நிமிஷம், 45 நிமிஷம்... கடைசி வரியில் மட்டும் நிமிஷத்துக்குப் பிறகு, "பாப்பா கால்" என்று எழுதி நிறுத்தியிருந்தாள்.

பி.காமில் எல்லாத் தலைப்பும் சொல்லிக் கொடுத்தார்கள். பெட்ரோல் செலவு, ரிப்பேர் செலவு, தேய்மானம். அடுத்தவர் குளிரில் நிற்கிற செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று சொல்லித் தரவில்லை. நான் மிச்சம் பிடித்ததாக நினைத்ததையெல்லாம் இவர்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்த வாரமே விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். ஓடாத கார் என்று விற்றால் பழைய இரும்பு விலைதான். எதற்கும் கடைசியாக ஒருவரைப் பார்த்துவிடலாம் என்று, காயலான் கடையில் எனக்கு டார்ச் பிடித்தவர் சொன்ன ஒரு பெரியவரிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர். கார் ஃபாக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, வீட்டுக் கொட்டகையில் சில்லறை ரிப்பேர் செய்பவர்.

அவர் முதலில் பானெட்டைத் திறக்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பதினேழு எழுத்து நம்பரைக் குனிந்து படித்தார். ஒன்று என்று ஆரம்பித்தால் அமெரிக்காவில் செய்தது, பத்தாவது எழுத்து மாடல் வருஷம், பதினொன்றாவது எழுத்து எந்த ஃபாக்டரி. பதினொன்றாவது எழுத்தில் விரல் வைத்து, "இது எங்க ஃபாக்டரி. இப்ப அந்த இடம் வெறும் மைதானம்" என்றார். பெரியப்பாவுக்கு உறவுக்காரர் கிடைத்துவிட்டார்!

பிறகு கேட்டார். "என்ன வியாதின்னு நீ சொல்ல வேண்டாம். எப்ப நிக்குது, நின்னு எத்தனை நிமிஷத்துல கிளம்புது, அதைச் சொல்லு."

நாலு ஒர்க்‌ஷாப்பிலும் என்னை யாரும் கேட்காத கேள்வி. எனக்குப் பதிலும் தெரியவில்லை. 'எவ்வளவு ஆச்சு' என்று எழுதினேனே தவிர 'எவ்வளவு நேரம்' என்று எழுதியதில்லையே! மனைவிக்குப் போன் செய்து, அந்தச் சின்ன நோட்டைப் படிக்கச் சொன்னேன். அவள் படிக்கப் படிக்கப் பெரியவர் ஒரு அட்டையில் குறித்துக்கொண்டார். பதினோரு வரி. எல்லாமே 35-லிருந்து 45 நிமிஷத்துக்குள்.

"பேட்டரியும் பம்பும் இவ்வளவு கரெக்டா டயம் பார்த்து வேலை செய்யாது. இது சூடு" என்றார்.

எஞ்சினின் முன்பக்கம், கீழே பெரிய சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. கிராங்க் தண்டு எந்த நிலையில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. அது வாயை மூடிக்கொண்டால், எப்போது பொறி கொடுப்பது, எப்போது பெட்ரோல் தெளிப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எஞ்சின் நின்றுவிடும். வயசான சென்சாருக்குள் இணைப்பு லேசாக விட்டிருந்தால், நன்றாகச் சூடேறும்போது துண்டிக்கும், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். இழுவை வண்டியில் ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். அதனால்தான் வாசலில் சமர்த்து!

தலைமுடி உலர்த்தும் டிரையரை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் அந்த இடத்தில் சூடு காட்டினார். சில நிமிஷத்தில் பெரியப்பா மூச்சை நிறுத்தினார். கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஆற வைத்தார். கிளம்பினார். சென்சார் விலை 35 டாலர். சக்கரத்தைக் கழற்றி மாட்டக் கூலி 180. பதினான்கு மாச வியாதி 215 டாலரில் தீர்ந்தது.

காசு வாங்கிக்கொண்டு பெரியவர் சொன்னார்: "அந்த நோட்டு எழுதினவங்களுக்குத்தான் நீ ஃபீஸ் கொடுக்கணும்."

கொடுத்தேன். 2024 மார்ச்சில் அவளுக்கென்று எட்டு வயசு சின்ன கார் ஒன்று கடனில் வாங்கினோம். மாதத் தவணை 240 டாலர். என் நோட்டில் அதை 'அவள் தலைப்பு' என்று தனிப் பக்கம் போட்டு எழுதுகிறேன். வாங்கியதிலிருந்து ஒரு மாதம்கூட அந்த எண்ணைப் பார்த்து வயிறு எரியவில்லை.

பெரியப்பாவை விற்கவில்லை. ஆனால் சட்டம் போட்டாகிவிட்டது. ஊருக்குள் மட்டும்தான் அவர் ராஜ்யம். பனிக்காலத்தில் நெடுஞ்சாலை கிடையாது. மகள் அவரோடு போவதென்றால் கோடையில், பகலில், ஐஸ்க்ரீம் கடை வரைக்கும். டிக்கியில் கம்பளி இரண்டு, டார்ச், பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் கேபிள், ஒரு ஜோடி குட்டி பூட்ஸ். பூட்ஸ் அவளுக்கு இப்போது சின்னதாகிவிட்டது. எடுத்து வைக்க எனக்கு மனசு வரவில்லை.

1995-லிருந்து ஆகஸ்ட் மாத மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார் திருவிழா நடக்கும். பளபளவென்று பாட்டன்களும் முப்பாட்டன்களும் ஊர்வலம் போவார்கள். நானும் ஒரு தடவை பெரியப்பாவை அழைத்துப்போனேன். ஒருத்தர்கூடக் கை தட்டவில்லை. ரோட்டுக்கு வயசு அதிகம், திருவிழாவுக்கு வயசு போதாது. முப்பதுகளில் இருக்கும் எனக்கு அந்தக் கஷ்டம் புரிந்தது.

போன குளிர்காலத்தில் ஒரு காலை மனைவியிடமிருந்து போன். கடை வாசலில் விளக்கை அணைக்க மறந்து இறங்கிவிட்டாளாம். பேட்டரி காலி. தவணை கட்டும் கார் படுத்துவிட்டது.

"என்னங்க..." என்று இழுத்தாள். "பெரியப்பாவைக் கொஞ்சம் கூட்டிட்டு வர்றீங்களா?"

சாவியைத் துடைத்துத் திருகினேன். முதல் தடவையிலேயே கிளம்பினார்! மிடுக்காகப் போய்ச் சின்ன காருக்கு எதிரே நின்று, கேபிள் வழியாகக் கொஞ்சம் உயிரைத் தானம் செய்தார். நான் ஜெயித்துவிட்ட முகத்தோடு மனைவியைப் பார்த்தேன்.

அவள் கைப்பையைத் திறந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்தாள். வாட்சைப் பார்த்தாள்.

"பன்னிரண்டு நிமிஷம்" என்று எழுதிக்கொண்டாள்.